பதினாறாம் நாளுக்கு மூணு வட்டிக்கு வாங்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். போன வாரம் அப்பா தவறிவிட்டார், வயது 54. அடக்கச் செலவிலேயே கையிருப்பு 70,000 ரூபாய் கரைந்துவிட்டது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு 3 லட்சம் ஆகும், மூணு வட்டிக்கு வாங்கித் தருகிறேன், மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. எனக்குச் சம்பளம் 28,000. கல்யாணத்துக்குத் தங்கை இருக்கிறாள். என்ன செய்ய?

பதில்: தம்பி, மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூணு ரூபாய். 3 லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய். வருஷம் முழுக்கக் கட்டி 1,08,000 போன பிறகும் முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டி எங்கே கொண்டு விடும் என்பதை 2017-ல் நெல்லை கலெக்டர் ஆபீஸில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது நாம் பார்த்தோம். அந்தப் பேச்சே வேண்டாம்.

அதற்காகச் சித்தப்பா வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். துட்டி (துக்கம்) கேட்டு வந்தவர்கள், குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்குக் கூட நடந்தவர்கள், கோடித் துணி கொண்டுவந்த சம்பந்தக்காரர்கள் எல்லாரையும் அன்றைக்குக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் உருமால் (தலைப்பாகை) கட்டிவிட்டால், இனி இந்த வீட்டுக்குப் பொறுப்பு இவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நாளைக்குத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கூட வந்து நிற்கப்போகிறவர்களும் இதே சொக்காரப் பங்காளிகள்தான். அவர்கள் வீட்டு விசேஷத்தில் அப்பா கை நனைத்திருப்பார், மொய்யும் எழுதியிருப்பார். இதெல்லாம் வெறும் சடங்கு என்று தள்ளினால் சித்தப்பாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். நியாயமும் அவர் பக்கம்தான்.

ஆனால் உருமாலுக்கும் கோடிக்கும் பெரிய செலவு இல்லை. 3 லட்சத்தை விழுங்குவது பந்தல், பிளக்ஸ், ஊரடங்கப் பந்தி. (செத்தவருக்குத் தெருமுனையில் பத்தடி பிளக்ஸ் வைக்கும் பழக்கம் எந்தத் தலைமுறையில் வந்தது என்று சித்தப்பாவிடமே கேட்டுப் பாருங்கள்.) சொக்காரர், சம்பந்தக்காரர், அண்டை வீடு என்று இலையைக் கணக்குப் பண்ணுங்கள். மிச்சப் பேருக்கு வருஷத் திதியன்று செய்துகொள்ளலாம் என்று சித்தப்பா வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் கஞ்சத்தனம், அவர் சொன்னால் முறை.

மொய்யை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வருகிற மொய்யில் ஒரு பங்கு அப்பா எழுதியது திரும்பி வருவது. மீதி நீங்கள் திருப்பி எழுத வேண்டிய கடன். அப்பாவின் மொய் நோட்டைப் புரட்டினாலே எது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அப்படியும் குறைந்தால் பேங்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் 50,000 வரைக்கும் போங்கள். பத்து சதவீதம் என்றே வைத்தாலும் வருஷத்துக்கு 5,000தான்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பதிந்து சான்றிதழை வாங்கியதும் அப்பாவின் பாஸ்புக்கைப் பாருங்கள். மே மாத வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. நாமினிக்கு 2 லட்சம் உண்டு. நாமினியைக் கூட்டிக்கொண்டு போய் உடனே க்ளைம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பணம் வந்தால் அம்மா பெயரில் டெபாசிட் போடுங்கள். பந்திக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.