வாடகைக்காரர்கள் ஏன் வரவில்லை?

உங்கள் குடியிருப்பில் எல்லோரும் பங்கு போட்டுக் கூரை சோலார் அமைப்பது பற்றிப் பேசக் கூட்டம் போட்டால் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் வருகிறார்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கு அக்கறையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கறை இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூரை அவர்களுடையது இல்லை, மொத்தமாகப் போடப் பணம் இல்லை, நாளைக்கே வீடு மாறினால் போட்ட பணம் என்ன ஆகும் என்றும் யாரும் சொல்லவில்லை, அப்புறம் எதற்கு வந்து உட்கார வேண்டும்?

முதலில் பங்கைச் சிறியதாக்குங்கள். தவணையில் கட்டலாம், காலி செய்யும்போது பங்கை விற்றுவிட்டுப் போகலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். கோபன்ஹேகன் அருகே கடலில் மிடல்குருண்டன் காற்றாலை 2000-இல் வந்தபோது அதன் 20 விசையாழிகளில் பாதி, 8,000-க்கும் மேற்பட்டோர் சிறு பங்குகளாக வாங்கிச் சேர்ந்த ஒரு கூட்டுறவுக்குச் சொந்தமாக இருந்தது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கூட்டுறவு விதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெரிய வீட்டுக்காரர் சொல்வதுதான் நடக்கும்.

ஒரே இடத்தில் உற்பத்தியாகும் யூனிட்டுகளைப் பல மீட்டர்களின் பில்லில் பிரித்துக் கழிக்க உங்கள் பகுதி மின் நிறுவனம் விடுகிறதா என்று இப்போதே கேளுங்கள். விடாவிட்டால் அந்த மின்சாரத்தை லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தி, அதில் மிச்சமாகும் பணத்தைப் பராமரிப்புக் கட்டணத்தில் எல்லோருக்கும் குறைக்கலாம். ஆனால் அந்தக் கட்டணத்தை உரிமையாளர் கட்டுகிறார் என்றால் வாடகைக்காரருக்கு ஒன்றும் வராது, அதைத் தனியாகப் பேசி முடிக்க வேண்டும்.

சரி, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போங்கள். விலைப்புள்ளி வாங்கி, ஒப்பந்ததாரரையும் முடிவு செய்துவிட்டுப் போய்க் கருத்துக் கேட்காதீர்கள்.