மேகத்துக்குள் உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருப்பது எப்படி?

கேள்வி: பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குப் பயிற்சி எடுக்கிறேன். வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் ஹூட் மாட்டிப் பத்து மணி நேரம் பறந்தாயிற்று. இன்னமும் திருப்பத்தை முடித்து நேராக்கியதும் விமானம் மறுபக்கம் சாய்வதுபோலவே இருக்கிறது. அதைச் சரிசெய்யப் போய் உயரத்தைக் கோட்டைவிடுகிறேன். கூடப் படிப்பவர்கள் அப்ரோச் (தரையிறங்க ஓடுபாதையை நெருங்குவது) பழக ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இது வராதோ? சிமுலேட்டரில் உட்காருவது வீணா? தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

பதில்: கட்டாயம் வரும். அந்தச் சாய்வு உணர்வு எல்லோருக்கும் உண்டு. உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களின் திரவம், திருப்பம் ஒரே சீராக நீடித்தால் குழாயோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். அதன்பிறகு திரும்புவதே தெரியாது. நீங்கள் நேராக்கிய பிறகும் திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மூளை அதை எதிர்ப்பக்கத் திருப்பம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கும் இது வரும். அவர் கை அதற்கு அசையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பைலட்டுகளை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. நீங்கள் பத்து மணி நேரமாக விமானத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது சாய்வு அல்ல, உயரம் ஒரே அளவில் நிற்காததுதான். சாய்வை உணர்ந்த பயத்தில் கண் செயற்கை அடிவானத்திலேயே (விமானத்தின் சாய்வையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும் கருவி) ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். இன்னொன்று, திருப்பத்தில் மூக்கு இறங்காமலிருக்கக் கன்ட்ரோலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருப்பீர்கள். நேராக்கும்போது அந்த இழுப்பை விடாவிட்டால் விமானம் ஏறத்தான் செய்யும். அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். ட்ரிம்மை (கன்ட்ரோலை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லாமல் செய்யும் அமைப்பு) சரியாக வைத்துக் கன்ட்ரோலை இரண்டு விரலால் மட்டும் பிடியுங்கள். முஷ்டியாகப் பிடித்தால் தலை திரும்பும்போது கையும் சேர்ந்து திரும்பும். நேராக்கத் தொடங்கியதும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அடிவானம், உயரம், அடிவானம், திசை, அடிவானம், வேகம்." ஒவ்வொரு முறையும் கண் அடிவானத்துக்கு வந்துவிட்டுத்தான் அடுத்த கருவிக்குப் போக வேண்டும். சார்ட்டை மடியில் வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள்; திருப்பத்தில் தலையைச் சட்டென்று அசைத்தால் தலைசுற்றல் பல மடங்காகும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருநாள் ஒட்டும் காகிதம் ஒன்றைக் கிழித்து, செயற்கை அடிவானத்தின் மேலேயே ஒட்டிவிட்டார். முதல் பத்து நிமிடம் வியர்த்துக் கொட்டியது. அன்றைக்குத்தான் மற்றக் கருவிகளை உண்மையாகவே பார்க்க ஆரம்பித்தேன்.

மற்றவர்கள் அப்ரோச்சுக்குப் போய்விட்டார்கள் என்று ஓட வேண்டாம். சாதாரண ஐ.எல்.எஸ். (தரையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலைப் பின்பற்றி இறங்கும் முறை) அப்ரோச்சிலேயே வெளியே எதுவும் தெரியாமல் தரைக்கு மேல் 200 அடி வரை இறங்க வேண்டிவரும். அங்கே கண் ஒரு கருவியில் மாட்டிக்கொண்டால் மீள நேரமிருக்காது. உயரம் 100 அடிக்குள்ளும் திசை 10 டிகிரிக்குள்ளும் பேச்சுக்கொடுத்தாலும் நிற்கட்டும், அப்புறம் போகலாம்.

சிமுலேட்டர் வீணே இல்லை. ஹோல்டிங்கில் (வானில் ஒரே இடத்தில் சுற்றிக் காத்திருப்பது) எப்படி நுழைவது, அப்ரோச்சை எந்த வரிசையில் தயார் செய்வது என்பதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அசையாத சிமுலேட்டர் உங்கள் காதை ஏமாற்றாது. அதனால் இப்போதைய சிக்கலுக்கு அது மருந்தாகாது.

விண்ணப்பத்துக்கு வருவோம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அடிப்படை விதி, பைலட் இன் கமாண்டாக (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக) 50 மணி நேரம் க்ராஸ் கன்ட்ரி (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பறப்பது), கருவிகளை வைத்து 40 மணி நேரம் என்று கேட்கிறது. அந்த 40இல் தரைப் பயிற்சி 20 வரைதான் சேரும், ஃப்ளைட் சிமுலேட்டர் என்றால் 30 வரை. உங்கள் நாட்டு விதி கொஞ்சம் மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே லாக்புக்கை எடுத்து அந்த 50 மணி நேரத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். மொத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரைவேட் லைசென்ஸ்காரர் இந்த ரேட்டிங்குக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கான செவித்திறன் தேவையையும் நிறைவேற்ற வேண்டும். அந்தப் பரிசோதனையை இப்போதே முடித்துவிடுங்கள்.

தேர்வுக்குத் தேதி கேட்கும் முன், பயிற்றுநரோடு ஒருமுறையாவது நிஜ மேகத்துக்குள் போய் வாருங்கள். ஹூட்டின் ஓரத்தில் வெயில் நகர்வது தெரியும். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளை அதிலேயே துப்புப் பிடித்துவிடும். மேகத்துக்குள் அதுவும் கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளைதான். இரண்டு விரல், வாய்விட்டுச் சொல்வது, இரண்டையும் அங்கே செய்து பாருங்கள். எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.