எரிந்த வீடு இன்னும் அப்பா பெயரில்: இடித்துக் கட்ட 30 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மன்னார்குடி பக்கம் கிராமம். வயது 47. தனியார் கம்பெனி வேலை, பிடித்தம் போகக் கைக்கு 52,000 வருகிறது. மனைவி தையலில் ஐந்தாறாயிரம் பார்ப்பார். மகள் பிளஸ் டூ. போன மாதம் ஒரு ராத்திரி மின்கசிவால் தீப்பிடித்து, வீட்டின் முன்கட்டு முழுக்க எரிந்துவிட்டது. 1984-ல் அப்பா வாங்கிய ஓட்டு வீடு. அங்கே வைத்திருந்த ஸ்பேர் சிலிண்டரும் வெடித்தது. ஆள் சேதம் இல்லை. 1998-ல் பின்னால் தளம் போட்டுக் கட்டிய சமையலறையும் ஓர் அறையும் கரியேறி நிற்கின்றன. அப்பா உயில் எழுதாமல் 2016-ல் தவறிவிட்டார். அம்மா எங்களோடு இருக்கிறார். தம்பி சிங்கப்பூரில், தங்கை திருப்பூரில். இன்சூரன்ஸ் கிடையாது. காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் இடித்து 1,500 சதுர அடி கட்டலாம், சதுர அடி 2,400 ரூபாய், 36 லட்சம் என்கிறார். இடிப்பதற்குக் காசு வேண்டாமாம். டெபாசிட் 3.20 லட்சம், பி.எஃப் 9 லட்சம், மகள் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் 4 லட்சம், லாக்கரில் 20 பவுன் இருக்கிறது. 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கலாமா, நகையை விற்கலாமா? உறவினர் ஒருவர் ரெண்டு வட்டிக்குப் பத்து லட்சம் தருகிறேன் என்கிறார். சிலிண்டர் வெடித்ததற்கு இழப்பீடு வரும் என்கிறார்கள், உண்மையா? பீரோவில் இருந்த சீட்டுப் பணம் 40,000 கருகிவிட்டது. அம்மா திண்ணை மட்டும் பழையபடி வேண்டும் என்கிறார்.

பதில்: அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டாதீர்கள். பீரோ இருந்த இடத்துச் சாம்பலைத் தனியாகச் சாக்கில் கட்டி வையுங்கள். பீரோவில் நகை இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் தோடு, மூக்குத்தி, குழந்தை மோதிரம் என்று எல்லார் வீட்டிலும் நினைவில் இல்லாத பொன் ஏதாவது கிடக்கும். தங்கம் உருகினாலும் எங்கும் போகாது. நம்பிக்கையான ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் கண் முன்னால் அலசச் சொல்லுங்கள்.

கருகிய நோட்டுக்கட்டைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் பொடியாகிவிடும். அப்படியே ஒரு டப்பாவில், ஆடாமல் இருக்கச் சுற்றிலும் பஞ்சு வைத்து எடுத்து வையுங்கள். ஓரம் எரிந்த நோட்டை வங்கிக் கிளையிலேயே மாற்றலாம். ஒன்றோடொன்று ஒட்டிக் கருகியதைக் கிளைகள் வாங்காது. சென்னை ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழுப் பணம், 40 முதல் 80 சதவீதம் என்றால் பாதி, அதற்கும் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. நாற்பதாயிரமும் திரும்பி வரும் என்று நினைக்காதீர்கள். வருவது ஒரு மாதச் செலவுக்கு ஆனாலும் லாபம்தானே.

சிலிண்டர் விஷயம். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில் வீட்டுச் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் வரை உண்டு, நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தீ கேஸில் தொடங்கியிருக்க வேண்டும். வேறு காரணத்தால் பிடித்த தீயில் சிலிண்டர் வெடித்தால் அந்தக் காப்பீடு பொருந்தாது. உங்கள் வீட்டில் தொடக்கம் மின்கசிவு. "கேஸ் லீக்னு எழுதிக் குடுத்துடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தீயணைப்பு நிலைய அறிக்கையில் ஒன்றும் உங்கள் மனுவில் வேறொன்றும் இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். ஏஜென்சியில் சம்பவத்தை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள், அதோடு விடுங்கள். தீயணைப்புத் துறையின் தீ விபத்துச் சான்று, காவல் நிலையத்தில் மனு ஏற்புச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். எரிந்த சான்றிதழ்களுக்கு நகல் கேட்கும் இடமெல்லாம் அவற்றைக் கேட்பார்கள். கிரையப் பத்திரம் எரிந்திருந்தால் பயப்பட வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் பணக் கணக்கு பத்து வரி இருக்கிறது, "அப்பா உயில் எழுதாமல்" என்பது ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன்.

அது அப்பா தன் காசில் வாங்கிய வீடு. உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நான்கு பேருக்கும் சம பங்கு. கால் பங்குதான் உங்களுடையது. அந்த இடத்தில் முழுக்க உங்கள் காசைப் போட்டு, உங்கள் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு வீடு எழுப்பினால், மனையில் மற்ற மூவருக்கும் உள்ள முக்கால் பங்கு அப்படியே இருக்கும். இன்று எல்லோரும் அழுதுகொண்டு "நீ கட்டுண்ணா" என்பார்கள். பத்து வருடம் கழித்து, அவரவர் வீட்டில் கல்யாணமும் கடனும் வந்த பிறகு, அதே வாயால் அதையே சொல்வார்கள் என்று நானும் உறுதி சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. என்னிடம் வந்த ஒருவர் அம்மா பெயரில் இருந்த மனையில் 28 லட்சம் போட்டுக் கட்டினார். அம்மா போன பிறகு, தான் கட்டிய வீட்டில் அக்காவின் பங்குக்கு அன்றைய விலை கொடுத்து வாங்கினார். அக்கா மேல் தப்பில்லை, சட்டப்படி அவருடைய பங்குதான் அது.

வங்கிக்காரர்களும் இதையேதான் முதலில் பார்ப்பார்கள். இறந்தவர் பெயரில் இருக்கிற இடத்துக்குக் கடன் வராது. கட்டட அனுமதியும் உரிமையாளர் பெயரில்தான் கிடைக்கும். ஆகவே வாரிசு சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பிறகு தம்பியும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கிராமத்து வழிகாட்டி மதிப்புக்கு, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலைக்கு, நீங்கள் அந்த உச்சவரம்புப் பக்கமே போக மாட்டீர்கள். தம்பி இதற்காக வர வேண்டியதில்லை. சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு ஒரு பவர் பத்திரம் அனுப்பினால் போதும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபாலில் வந்ததை அலமாரியில் வைத்து மறந்துவிடுபவர்கள் நிறைய.

தங்கையிடம் சும்மா கையெழுத்து கேட்காதீர்கள். எரிந்த வீட்டைக் காட்டி வாங்கும் கையெழுத்து பிற்பாடு உறுத்தும். உங்களால் முடிந்த ஒரு தொகையை, இப்போது இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில், கொடுப்பதாகப் பேசி முடியுங்கள். அம்மாவின் பங்கை மட்டும் எழுதி வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் பெயரும் கூட இருக்கட்டும். வங்கி அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லும், போடட்டும். தாய் தன் பெயரில் ஒரு பிடி மண்ணாவது வைத்திருப்பது நல்லது. உங்களை நம்பாமல் சொல்லவில்லை.

அடுத்து, "எல்லாவற்றையும் இடிக்கலாம்" என்பது. இதை முடிவு செய்ய வேண்டியவர் இடித்துக் கட்டிக் கூலி வாங்குபவர் அல்ல. பின்கட்டுத் தளம் தாங்குமா தாங்காதா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் பார்க்க வேண்டும். கரி வெறும் அழுக்காகவும் இருக்கலாம். பூச்சைக் கொத்திப் பார்த்தால் உள்ளே கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருக்கிறதா என்று தெரியும். 300 டிகிரியைத் தாண்டிச் சுட்ட கான்கிரீட் பெரும்பாலும் அந்த நிறத்துக்குப் போகும், அதன் பலமும் குறையத் தொடங்கும். சுத்தியலால் தட்டினால் எங்கே பொத்தென்று சத்தம் வருகிறதோ அங்கே பிளந்திருக்கிறது என்று அர்த்தம். உடைக்காமலே கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகளைப் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகின்றன. அந்தச் செலவு ஆயிரங்களில் முடியும். தேவையில்லாமல் இடித்தால் போவது லட்சங்கள். ரிப்போர்ட் வரும்வரை அந்தத் தளத்துக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

காண்ட்ராக்டர் இலவசமாக இடித்துத் தருகிறாராம். அப்புறம் அந்தத் தேக்கு உத்திரங்களும் தூண்களும் யாருக்கு? பருத்த தேக்கு மேலே ஓர் அங்குலம் கருகி, உள்ளே இழைத்தால் புதிதுபோல இருக்கும். நிலைக்கதவு, கருங்கல் படி, முழுசாக மிஞ்சிய செங்கல், எல்லாமே காசு. பழைய வீடு பிரிக்கிறவர்கள் வழக்கமாக வீட்டுக்காரருக்குத்தான் பணம் கொடுப்பார்கள். மரத்தை ஒரு தச்சரிடம் காட்டி மதிப்புப் போடாமல் ஒரு கட்டையையும் வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.

இனி கணக்கு. 30 லட்சம் கடன், உங்களுக்கு 60 வயதுவரை 13 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் தவணை சுமார் 31,800. மிச்சம் 20,000. அதில் நான்கு பேர் சாப்பாடு, அம்மா மருந்து, மகள் கல்லூரி. முதல் வருடத்திலேயே நகை அடகுக்குப் போகும். வேண்டாம். ரெண்டு வட்டி அதைவிட மோசம். பத்து லட்சத்துக்கு மாதம் 20,000, வெறும் வட்டி மட்டும். அசல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக்கு 24 சதவீதம். உறவினர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

பின்கட்டு தேறிவிட்டது என்றால், முன்கட்டை மட்டும் 650 சதுர அடியில் கட்டுங்கள். அதே 2,400 ரேட்டுக்கு 15.60 லட்சம். பின்கட்டுப் பழுதுக்கும் வீடு முழுக்கப் புது வயரிங்குக்கும் 2 லட்சம். எட்டு மாத வாடகை, மாதம் 7,000 என்றால் 56,000. இந்த வாடகையை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை, கடைசியில் பெயின்ட் காசு அதற்குத்தான் போகும். பத்திரச் செலவு, சோதனைச் செலவு சேர்த்து 18.70 லட்சத்துக்குள் நிற்கும். டெபாசிட்டிலிருந்து 2.20, பி.எஃப்-இலிருந்து 4.50, கடன் 12. தவணை சுமார் 12,700. இதை உங்களால் மூச்சு வாங்காமல் கட்ட முடியும். டெபாசிட்டில் ஒரு லட்சம் அப்படியே கிடக்கட்டும். மகள் பணம் 4 லட்சத்தைத் தொடவே வேண்டாம், அடுத்த ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும். மேலே மாடி பிற்பாடு எழுப்புவதற்கு ஏற்ற அஸ்திவாரத்தை மட்டும் இப்போதே போடச் சொல்லுங்கள்.

பின்கட்டு தேறவில்லை என்று ரிப்போர்ட் வந்தால்? அப்போதும் 1,500 இல்லை. 850 சதுர அடியில் எல்லாவற்றையும் அடக்குங்கள். கடன் 15 லட்சத்தைத் தாண்ட வேண்டாம்.

நகையை விற்க வேண்டாம். வங்கி கடனை மொத்தமாகத் தராது; அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று வேலை ஏற ஏறத்தான் விடும், அதுவும் உங்கள் பங்கைப் போட்ட பிறகு. இடையில் கம்பி வாங்கக் கை முடங்கினால், அப்போது மட்டும் நாலைந்து பவுனை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து, வங்கியிலிருந்து கடனின் அடுத்த பகுதி வந்ததும் மீட்டுவிடுங்கள். வரிச் சலுகைக்காகப் பெரிய கடன் எடுங்கள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே கிடையாது.

மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500-க்குள் என்றால் 2024 ஜூலையில் வந்த, விவரங்களுக்கு நீங்களே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். காண்ட்ராக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். சதுர அடி ரேட்டில் செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் சேராது.

வீடு முடிந்த மறுநாள் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுங்கள். 2021 ஏப்ரலில் இருந்து வீடுகளுக்குத் தீ, வெள்ளம் எல்லாம் சேர்த்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தரும் பாலிசி இது. கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். மாற்று வீட்டு வாடகையும் உண்டு. வங்கி கடனோடு சேர்த்து "லோன் இன்சூரன்ஸ்" என்று ஒன்றை விற்கும். அது பெரும்பாலும் உங்கள் உயிருக்கானது, வீட்டுக்கானது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தீப்பிடித்த பிறகு பத்திரத்தைப் பிரித்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, அம்மாவின் திண்ணை. பத்தடி நீளம், மூன்றடி அகலம், 30 சதுர அடி. காண்ட்ராக்டர் ரேட்டில் 72,000 என்று போடுவார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தளமும் இல்லை, கம்பியும் இல்லை. பழைய சுவரில் தேறும் செங்கலை அடுக்கி வைத்து, ஒரு கொத்தனாரைத் தனியாக விட்டால் நாலு நாள் வேலை. எரியாமல் மிஞ்சிய தூண் இரண்டு இருந்தால் அதையே நிறுத்தச் சொல்லுங்கள்.