பிளாட்டினமும் உப்பும்: கேள்வி பதில்

பெங்களூருத் தமிழர் குழுவுல கீமோ, அதாவது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு. கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க ஏரியா பேரைப் போட்டிருக்கேன். உலோகச் சேர்மங்கள்ல ஆராய்ச்சி பண்ணினவ நான், அதனால பதில் சொல்றேன். யாருக்கு எந்த மருந்துங்கிறது உங்க டாக்டர் பாடு.

அல்சூர்: அக்கா, அப்பாவுக்கு சிஸ்பிளாட்டினோட பாட்டில் பாட்டிலா சலைனும் ஏத்துறாங்களே, எதுக்கு?

சிஸ்பிளாட்டின்ங்கிறது பிளாட்டினம் இருக்கிற கீமோ மருந்து. சலைன் முதல்ல கிட்னிக்காக. இந்த மருந்து அங்க தேங்கிக் கெடுக்கும். அதான் தண்ணி விட்டு அலசுறாங்க. சலைன்னா உப்புத் தண்ணி; உப்புல இருக்கிற குளோரைடுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. சிஸ்பிளாட்டின்ல நடுவுல ஒரு பிளாட்டினம் அணு, அதோட ரெண்டு அம்மோனியா, ரெண்டு குளோரைடு. ரத்தத்துல குளோரைடு சுமார் 100 மில்லிமோலார் இருக்கிறதால மருந்தோட குளோரைடு லேசுல கழலாது. செல்லுக்குள்ள அது பல மடங்கு கம்மி. உள்ள போனதும் குளோரைடு கழன்று, அந்த இடத்துல தண்ணி வந்து உட்காரும். அப்பதான் மருந்துக்குக் கை முளைக்குது! டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஒண்ணான குவானின் அடுத்தடுத்து ரெண்டு கிடைச்சா ரெண்டையும் சேர்த்துக் கட்டிடும். இழை அங்க மடங்கிப்போகும், நகலெடுக்க வர்ற என்சைம் முட்டி நிக்கும். சரிபண்ண முடியாத செல் தன்னையே முடிச்சுக்கும்.

ஒயிட்ஃபீல்டு: நல்ல செல்லை விட்டுடுமா?

விடாது. வேகமாப் பிரியுற செல்தான் அதிகமா மாட்டும்; காதுக்குள்ள இருக்கிற நுண்ணிய செல்லும் அடிபடும். காதுல இரைச்சல் கேட்டா டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க.

ஜெயநகர்: இதை யார் கண்டுபிடிச்சாங்க மேடம்?

சிஸ்பிளாட்டின் சேர்மத்தை 1840கள்லயே பெய்ரோன்ங்கிற இத்தாலிய வேதியியலாளர் செஞ்சுட்டார். மருந்துன்னு தெரிஞ்சது தற்செயலா. அமெரிக்காவோட மிச்சிகன்ல ரோசன்பெர்க்ங்கிற விஞ்ஞானி ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அதுங்க பிரியாம இடியாப்பம் மாதிரி 300 மடங்கு வரை நீண்டுடுச்சு. காரணம் மின்சாரம் இல்ல, மின்முனையிலிருந்து கரைஞ்ச பிளாட்டினம்! 1965ல அதை வெளியிட்டார். 1978ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

கே.ஆர்.புரம்: அம்மாவுக்கு ஆக்சாலிபிளாட்டின். ஃபிரிட்ஜைத் தொட்டாலே விரல்ல ஊசி குத்துதுங்கிறாங்க.

இதுவும் ஒரு பிளாட்டினம் மருந்துதான். இதோட குணமே அது, நரம்பைத் தொடும். நம்ம ஊர் டிசம்பர்ல குழாய்த் தண்ணியும் வேண்டாம், வெந்நீர் கொடுங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. வேடிக்கை பாருங்க, இதைச் சலைன்ல கலக்கக் கூடாது, குளோரைடு இதைக் கெடுத்துடும். அதான் டெக்ஸ்ட்ரோஸ்ல ஏத்துறாங்க.

அல்சூர்: பிளாட்டினம் மோதிரம் போட்டா?

பர்ஸ்தான் இளைக்கும் தம்பி.

மல்லேஸ்வரம்: எல்லா உலோகமும் டிஎன்ஏவைத்தான் பிடிக்குமா?

இல்லீங்க. ஆர்சனிக் ட்ரையாக்சைடு, அதாவது நம்ம வெள்ளைப் பாஷாணம், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்ல அந்த நோயை நடத்துற புரதத்தையே சிதைக்குது. ஆர்சனிக்கை முழு உலோகம்னும் சொல்ல முடியாது, ஆனா இந்தப் பேச்சுல அதை விட்டுட்டா எனக்குத் தூக்கம் வராது.