சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை மிகக் குறுகிய தூரம் சுமார் 15,350 கி.மீ. பூகோள உருண்டை மேல் இரண்டு ஊருக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது வடதுருவத்தை ஒட்டியே போகும். தட்டை வரைபடத்தில் இது தெரியாது.

மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். ஆனால் நேரடி விமானத்துக்குப் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓடுபாதை வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இதில் சேரும். தவிர, விமானம் அந்த நூல் வழியே போவதில்லை. அமெரிக்கா செல்லும்போது பெரும்பாலும் பசிபிக் மேல் சுற்றிப் போகும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் எரிபொருள் மிச்சம்.

பலர் தடுமாறுவது டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துத்தான். இரவு 11.30க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், கோடைக்காலத்தில் நியூயார்க்கில் மறுநாள் காலை 6.10. கழித்துப் பார்த்தால் 6 மணி 40 நிமிடப் பயணம் போலத் தெரியும்! டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும்; விடுபட்ட 12 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டுங்கள். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அது 13 மணி நேரம்.

திரும்பும்போது இரவு 10.30க்கு ஏறினால் தேதி இரண்டு நாள் தள்ளிப்போகும். டிக்கெட்டில் வரும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று சின்னதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அழைக்க வருபவருக்குத் தேதி சொல்லுங்கள்.