ஆண் குழந்தைக்குத் தாத்தா காலத்துப் பெயர் வைக்கலாமா? பள்ளியில் கேலி செய்வார்களா?

கடலூரில் இருந்துகொண்டு, முதல் பையனுக்குக் கோதண்டபாணி, திருநாவுக்கரசு, காசிநாதன் மூன்றில் ஒன்றை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ "இந்தக் காலத்துல இப்படி ஒரு பேரா" என்று முகம் சுளித்திருக்கிறார்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லைதான். வேறு எதற்காக முன்பின் தெரியாத எங்களிடம் வந்து கேட்கப் போகிறீர்கள்?

தாராளமாக வையுங்கள். என் மகன் பெயர் தேவநாதன்.

கடலூர்க்காரருக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கெடிலத்தங்கரையில் இருக்கும் திருவந்திபுரம் பெருமாளின் பெயர் அது. திருமங்கையாழ்வார் பாடிய தலம். பக்கத்து மலைமேல் ஹயக்ரீவர். முகூர்த்த நாளில் போனால் எந்த மாப்பிள்ளைக்கு எந்தப் பெண் என்று குழம்பிப் போகும் அளவுக்கு அங்கே கல்யாணம் நடக்கும். நான் பிறந்தது மஞ்சக்குப்பம். என் அப்பா பெயரும் தேவநாதன்தான். எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு தேவநாதன் மேல்தான் விழ வேண்டும்.

ஆனால் நான் வாக்கப்பட்டது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அந்த வீட்டில் மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர்தான். என் மாமனார் பெயர் கலியபெருமாள். நல்ல பெயர், குறை சொல்லவில்லை. என் அப்பா பெயரை ஏன் வைக்கக்கூடாது என்று கேட்டதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. "வழக்கம் இல்ல" என்றார் நாத்தனார். வழக்கத்தை யார் எழுதி வைத்தது என்று கேட்டேன். கேட்டதோடு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. என் கணவர் அந்த நாட்களில் காலையில் பேப்பர் படிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் பஞ்சாயத்தைத் தீர்த்தது மாமியார். அவர் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவர். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து "நீ சொல்லேன்" என்பார். ஒரு மத்தியானம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "அந்தப் பேர வெச்சா நான் எப்பிடிடி கூப்புடுவேன்? நாளைக்கு இது சேட்டை பண்ணும், நீ அவரு பேரச் சொல்லித்தான அடிப்ப? அவரு ஈசிசேர்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாரா?" என்றார். மாமனார் உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. முடிந்தது கதை.

தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்வது அத்தை முறை. அதாவது அதே நாத்தனார். குனிந்து மூன்று தடவை சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. தேவநாதன் என்றுதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. கூடப் படிப்பவர்கள் "தேவா" என்கிறார்கள். முன்பல் விழுந்தபோது கேலி செய்தார்கள், பெயருக்காகச் செய்ததில்லை. ஷ், த், க் என்று முடிகிற பெயர்கள் அந்த வகுப்பில் குவிந்து கிடக்கின்றன, டீச்சர் ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்திருக்கிறார்களாம். அந்தப் பெயர் வைத்தவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் பிள்ளை, உங்கள் இஷ்டம்.

எல்லாப் பழைய பெயரையும் எடுத்து வைக்கச் சொல்லவும் இல்லை. என் பாட்டியின் அண்ணன் பெயர் பாவாடை. அங்காளம்மன் கோயில் காவல் தெய்வம் பாவாடைராயன், அந்தப் பெயர். எங்கள் பக்கம் அவர் வயதில் பல பேருக்கு அது உண்டு, ஒருவரும் சிரித்ததில்லை. இன்றைக்கு நான் வைக்க மாட்டேன்.

"தேவநாதன் வடமொழிப் பெயர்தானே" என்று ஒருவர் கட்டாயம் கீழே எழுதுவார். ஆமாம் ஐயா. அப்படி நினைத்துத்தான் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். இருவரும் நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்தான். அப்போது புதுமையாக இருந்த அந்தப் பெயர்களும் இப்போது தாத்தா பெயர்களாகிவிட்டன. தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் உங்கள் பட்டியலிலேயே திருநாவுக்கரசு இருக்கிறது. தேவாரம் பாடிய அந்த நாயனார் பிறந்தது பண்ருட்டிப் பக்கம் திருவாமூர், வீட்டில் வைத்த பெயர் மருள்நீக்கியார். கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து ஏறிய இடம்தான் கரையேறவிட்ட குப்பம் என்று உங்கள் ஊரே சொல்லும். பையனுக்குச் சொல்ல ஒரு கதை கையோடு வருகிறது.

எந்தப் பெயரானாலும் ஆங்கில எழுத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து வழக்கத்தில் முருகன் என்று எழுத உகரத்துக்கெல்லாம் ஓ, யூ என்று இரண்டு எழுத்து, கடைசியில் சும்மா ஒரு இ. பேரன் வேறு மாதிரி எழுதினால் சான்றிதழுக்குச் சான்றிதழ் வித்தியாசம். எண் கணிதம் பார்ப்பவர் ஒருவர் என் மகனுக்கும் நடுவில் ஒரு எச் சேர்க்கச் சொன்னார், தட்சணை கொடுத்து அனுப்பிவிட்டோம். பெயர் போடாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை முடியும். அவசரப்படாதீர்கள்.

இதைச் சொல்லும்போது என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். என் படிப்புச் சான்றிதழ்களில் இனிஷியல் தே. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவரின் இனிஷியல். ஒரு வங்கியில் "இது நீங்கதானா மேடம்" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் திருமணச் சான்று, அதற்கு ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸில் ஒரு கையெழுத்து. என் கணவருக்கு இந்த அலைச்சல் ஒரு நாளும் இல்லை. ஆண் பிள்ளைக்குப் பெயர் தேடும் உங்களுக்கு இது வேண்டாத பேச்சுதான். போன என் தே. மகன் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவரை லாபம்.

உங்கள் மூன்றில் என் ஓட்டு காசிநாதனுக்கு. ஊரே "காசி, காசி" என்றுதான் கூப்பிடும், அதற்குச் சம்மதம் என்றால் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.