அட்டையில் வெட்டிய சாவி

அன்புள்ள ஐயா,

மே 15, நக்பா (1948இல் பாலஸ்தீனர்கள் ஊரை இழந்த பேரழிவு) நினைவு நாளன்று லெபனானில் ஒரு பாலஸ்தீன அகதி முகாமில் எடுத்த காணொளியைப் பார்த்தேன். ஊரை இழந்த நாள் என்பதால் அழுகையை எதிர்பார்த்தேன். மேளம் கொட்டுகிறது, இளைஞர்கள் கைகோத்து ஆடுகிறார்கள், குழந்தைகள் அட்டையில் வெட்டிய பெரிய சாவிகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடுகிறார்கள். அந்த மண்ணையே பார்த்திராத மூன்றாம், நான்காம் தலைமுறைக்கு இது வெறும் சடங்காகிவிட்டதா? நாளையே வழி திறந்தால் இவர்கள் உண்மையில் திரும்பிப் போவார்களா?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

சடங்குதான், மறுப்பதற்கில்லை. கட்சிக்கொரு கொடி, ஒரு மேடை, போன வருடம் பேசியதையே பேசும் தலைவர். முகாம்வாசிகளுக்கே அதில் சலிப்பு உண்டு. 1948இல் இஸ்ரேல் உருவானபோது துரத்தப்பட்டும் உயிருக்கு அஞ்சியும் வெளியேறிய ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பலர் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்கென்று கையோடு கொண்டுவந்த இரும்புச் சாவிகளில் இன்று எத்தனை மிஞ்சியிருக்கும்? ஆகவே அட்டைச் சாவி. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நீங்கள் பார்த்த ஆட்டம் தப்கே. கல்யாண வீடுகளில் ஆடுவது. ஊர் போனாலும் ஊரின் ஆட்டம் போகவில்லை என்று காட்டத்தான் அன்று ஆடுகிறார்கள். துக்க நாள் என்றால் அழுதே தீரவேண்டும் என்று நாம்தான் வைத்திருக்கிறோம்.

ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய இஸ்ரேலின் வடக்கே, நாசரேத்துக்குப் பக்கத்தில் ஸஃபூரிய்யா என்றொரு கிராமம் இருந்தது. 1948 ஜூலையில் இஸ்ரேல் படையினர் விமானத்திலிருந்து குண்டு வீசி அதைப் பிடித்தார்கள். மக்களில் ஒரு பகுதி லெபனானுக்குப் போனது. இன்னொரு பகுதி நாசரேத்திலேயே தங்கிவிட்டது. லெபனானின் சைதா நகரை ஒட்டிய ஐன் அல்-ஹில்வே முகாமில் இன்றும் ஸஃபூரிய்யா என்றொரு தெரு வட்டாரம் இருக்கிறது. அங்கே பிறந்த பையனிடம் எந்த ஊர் என்று கேட்டால் முகாமின் பெயரைச் சொல்லமாட்டான், ஸஃபூரிய்யா என்பான். நாசரேத்தில் இருப்பவர்கள் இஸ்ரேல் குடிமக்கள். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சொந்த ஊருக்குக் குடிபோக முடியாது. அங்கே இப்போது ஸிப்போரி என்ற யூதக் குடியிருப்பும் பைன் மரக்காடும் இருக்கின்றன. இஸ்ரேலுக்குள் இருக்கும் பாலஸ்தீனர்கள் அந்நாட்டின் சுதந்திர தினத்தன்றே, அழிந்துபோன ஏதாவதொரு கிராமத்துக்கு ஊர்வலம் போகிறார்கள். 'உங்கள் சுதந்திர தினம், எங்கள் நக்பா' என்பது அவர்களின் முழக்கம். ஒரே ஊர்க்காரர்கள், ஒருவர் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம், மற்றவருக்கு அதுவும் கிடையாது. இருவரின் மனநிலையும் ஒன்றாக இருக்குமா?

சடங்கு சடங்காகவே முடியாமல் போன வருடம் ஒன்று உண்டு. 2011, அரபு நாடுகளில் மக்கள் எழுச்சி, அரபு வசந்தம், உச்சத்தில் இருந்த நேரம். அந்த வருட நக்பா நாளன்று லெபனான் முகாம்களிலிருந்து பஸ் பஸ்ஸாக எல்லையோர மரூன் அர்-ராஸ் குன்றுக்குப் போனார்கள். பாட்டன் சொல்லக் கேட்டிருந்த, வேலிக்கு அப்பால் இருக்கும் கலிலேயாவை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தவர்கள் அதில் ஏராளம். பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. இளைஞர்கள் லெபனான் ராணுவத்தின் தடுப்பை மீறி வேலியை நோக்கி ஓடினார்கள். இஸ்ரேல் தரப்பு சுட்டதில் பலர் செத்தார்கள். அதே நாளில் சிரியா பக்கம், இஸ்ரேல் பிடித்துவைத்திருக்கும் கோலான் குன்றுப் பகுதியின் வேலியைத் தாண்டியவர்களில் ஒருவர் இஸ்ரேலின் கடற்கரை ஊரான யாஃபா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். தன் குடும்பத்தின் ஊர் இது என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போலீசில் சரணடைந்தார்.

அடுத்த மாதமே இன்னொரு காட்சி. ஜூன் 5 அன்று கோலானில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு, மறுபடியும் சாவுகள். மறுநாள் டமாஸ்கஸின் யார்மூக் முகாமில் சவ ஊர்வலம் போனவர்கள் கல்லெறிந்தது ஒரு பாலஸ்தீன இயக்கத்தின் அலுவலகத்தின் மீது. எங்கள் பிள்ளைகளைச் சாகக் கொடுத்துவிட்டு நீங்கள் அரசியல் செய்கிறீர்களா என்ற ஆத்திரம். அங்கேயும் துப்பாக்கி வெடித்தது, அங்கேயும் பிணம் விழுந்தது. அகதிகளின் கோபம் ஒரே திசையில் போவதாக நினைத்துக்கொண்டு காணொளி பார்க்கக்கூடாது.

லெபனான் மீதும் அவர்களுக்குக் கோபம் உண்டு. அங்கேயே பிறந்து படித்தாலும் டாக்டராகவோ வக்கீலாகவோ தொழில் செய்ய வழியில்லை. 2001இல் வந்த சட்டத்தால் வீடு நிலம் வாங்கவும் முடியாது. பெய்ரூத்தின் பூர்ஜ் அல்-பராஜ்னே முகாமின் சந்துகளில் தலைக்கு மேலே மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் பின்னிக் கிடக்கின்றன. மின்சாரம் தாக்கி எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். 2019இல் தொழிலாளர் அமைச்சகம் வேலை அனுமதிச் சீட்டில் கெடுபிடி காட்டியபோது முகாம்கள் கடையடைத்துத் தெருவில் இறங்கின. வாழும் இடத்தில் மரியாதை கேட்பவன் ஊரை மறந்துவிட்டான் என்று ஆகாது.

திரும்பிப் போவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். 2003இல் கலீல் ஷிக்காக்கி என்ற பாலஸ்தீன ஆய்வாளர் மேற்குக் கரை, காஸா, ஜோர்தான், லெபனான் அகதிகளிடம் இதையே கேட்டார். திரும்பும் உரிமையை இஸ்ரேல் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். இஸ்ரேலுக்குள் போய்க் குடியிருப்போம் என்றவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம். முடிவை வெளியிடும்போது ரமல்லாவில் அவருடைய அலுவலகத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து முட்டை எறிந்தது. அந்த எண்களில் முரண்பாடு இருப்பதாக அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1948 டிசம்பரில் ஐ.நா. நிறைவேற்றிய 194ஆம் தீர்மானமும் திரும்ப விரும்புகிறவர்களுக்கு அனுமதி, விரும்பாதவர்களுக்கு இழப்பீடு என்றுதான் சொல்கிறது. போவதா வேண்டாமா என்பதை வீட்டுக்காரன் முடிவு செய்துகொள்வான். வீடு அவனுடையது என்று எதிர்த்தரப்பு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டைச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தப் பிள்ளை கேட்பது இவ்வளவுதான்.